ஐயூஐ முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் இரண்டு வாரம்: எப்படிக் கடக்கிறீர்கள்?

மல்லிப்பந்தல்

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஊர் திருப்பூர் பக்கம். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகிறது. மாத்திரை, முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன் என்று போய்க்கொண்டிருந்தோம். இந்த மாதம் ஐயூஐ, அதாவது கணவரின் விந்தணுவைக் கழுவிச் சுத்தப்படுத்திக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்துவது, செய்திருக்கிறார்கள். முட்டைப் பை 20 மில்லிமீட்டர் வளர்ந்ததும் அது வெடிக்க எச்சிஜி என்ற ஹார்மோன் ஊசி போட்டார்கள், அப்புறம் 36 மணி நேரம் கழித்து ஐயூஐ. இப்போது கரு ஒட்ட உதவும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் மாத்திரையைத் தினமும் ராத்திரி உள்ளே வைத்துக்கொள்கிறேன். 14-ஆம் நாள் ரத்தம் கொடுக்க வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மார்பு கனத்து வலிக்கிறது. அடிவயிறு இழுக்கிறது. மத்தியானம் ஆனால் கண்ணைச் செருகிக்கொண்டு தூக்கம் வருகிறது. நேற்று காலை மனசு கேட்காமல் வீட்டிலேயே கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்தேன். ஊசி போட்டு அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு கோடு அழுத்தமாக வந்தது, பக்கத்தில் இன்னொன்று மங்கலாக. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன், செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன், கோடு இருந்தது. கணவரிடம் காட்டினேன், அவர் கண் கலங்கிவிட்டார். இன்று காலை மறுபடி பார்த்தால் அந்த இரண்டாவது கோடு இன்னும் மங்கிப் போயிருக்கிறது. கரு நின்றுவிட்டு நழுவிவிட்டதா? எதையாவது சாப்பிட்டதாலா? ஆபீசுக்கு ஸ்கூட்டியில் போனதாலா?

இதற்கு நடுவில் நாத்தனாருக்கு அடுத்த வாரம் வளைகாப்பு. அத்தை நல்ல மனசோடுதான் கூப்பிடுகிறார்கள், "நீயும் பக்கத்தில் உட்கார்ந்து வளையல் போட்டுக்கோ, அடுத்தது உனக்குத்தான்" என்று. ஐயூஐ செய்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் போய் எப்படி உட்காரப் போகிறேன் என்று தெரியவில்லை. இந்த நாட்களை நீங்கள் எல்லாம் எப்படிக் கடந்தீர்கள்?

வெண்தாமரை

தங்கச்சி, நான் கருத்தரிப்புப் பிரிவில் ஸ்டாஃப் நர்சாக இருப்பவள். முதலில் அந்தக் கோட்டை முடித்துவிடலாம்.

உங்களுக்குப் போட்ட ஊசியிலேயே இருப்பது எச்சிஜி. கர்ப்பமானால் உடம்பில் சுரப்பதும் அதே எச்சிஜிதான். ஸ்ட்ரிப்புக்கு ஊசியில் வந்தது எது, கருவிலிருந்து வந்தது எது என்று தெரியாது. ஊசி மருந்து உடம்பை விட்டு முழுதாக வெளியேறப் பத்து நாள் ஆகும், 10,000 யூனிட் போட்டவர்களுக்குச் சில சமயம் இரண்டு வாரம் வரைகூட இழுக்கும். அதனால் நேற்று தெரிந்தது ஊசியின் மிச்சமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்று அது மங்கியது என்றால் அந்த மருந்து இறங்குகிறது. எதுவும் நழுவவில்லை. நின்று நழுவுவதற்கான நாளே இன்னும் வரவில்லை. முட்டை வெடித்தபின் கரு உருவாகி, குழாய் வழியாக இறங்கி, கருப்பையில் ஒட்டவே பெரும்பாலானவர்களுக்கு 8 முதல் 10 நாள் ஆகும். அதற்கு அப்புறம்தான் அதுவே எச்சிஜி சுரக்க ஆரம்பிக்கும்.

இரண்டாவது, மார்பு வலி, வயிறு உப்பல், தூக்கம், மலச்சிக்கல், காரணமில்லாத அழுகை, இது எல்லாம் புரோஜெஸ்டிரான் செய்யும் வேலை. கரு நின்றவர்களுக்கும் இருக்கும், நிற்காதவர்களுக்கும் அச்சு அசலாக இப்படியேதான் இருக்கும். எங்கள் வார்டில் எந்த அறிகுறியும் இல்லாமல் வந்து பாசிட்டிவ் வாங்கிப் போனவர்கள் உண்டு, வாந்தி எடுத்துக்கொண்டே வந்து நெகட்டிவ் ஆனவர்களும் உண்டு. அறிகுறியைத் தேடித் தேடிக் கூகுளில் போடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் பதில் இல்லை.

ஸ்கூட்டி, சாப்பாடு பற்றி வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

சோலைக்குயில்

வெண்தாமரை அக்கா சொல்வது சரி. ஆனால் எல்லாரும் "டெஸ்ட் செய்யாதே, செய்யாதே" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நான் தினமும் காலையில் ஒரு ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கிற ஆள். கோடு மங்கி மங்கி, ஒரு நாள் சுத்தமாகக் காணாமல் போகும். ஊசி வெளியேறிவிட்டது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கோடு வந்தால் அது என்னுடையது. அந்தத் தெளிவு எனக்கு வேண்டும். 14-ஆம் நாள் ஒரே அடியாக ஃபோனில் "நெகட்டிவ்" என்று கேட்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்வதுதான் என் மனசுக்குத் தாங்குகிறது.

கரிசல்பூ

சோலைக்குயில், உங்களால் முடிகிறது, எல்லாராலும் முடியாது. தினம் காலையில் அந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்து, நாள் முழுக்க முகம் தொங்கிப்போய், ராத்திரி மறுபடி நம்பிக்கை வந்து, காலையில் மறுபடி... எனக்கு ஸ்கூலில் பாடம் நடத்த வேண்டும். நான் ஸ்ட்ரிப்பே வீட்டில் வாங்கி வைப்பதில்லை. மெடிக்கல் ஷாப்புக்கு நடந்து போய் வாங்க வேண்டும் என்றால் பாதி வேகம் அங்கேயே அடங்கிவிடும்.

மல்லிப்பந்தல், நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும். நேற்றும் இன்றும் பார்த்ததில் உங்களுக்கு நிம்மதி வந்ததா? இல்லை என்றுதான் உங்கள் எழுத்து சொல்கிறது.

வெண்தாமரை

வந்துவிட்டேன். சோலைக்குயில் செய்வதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அப்படிப் பார்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம். காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள். கவரில் போட்டிருக்கும் நேரத்துக்குள் மட்டும் படியுங்கள், பெரும்பாலும் ஐந்து நிமிஷம். குப்பைத்தொட்டியில் போட்டதை மத்தியானம் எடுத்துப் பார்த்தால் காய்ந்த தடம் சாம்பல் கோடாகத் தெரியும். அது பாசிட்டிவ் அல்ல. அப்புறம் ஸ்ட்ரிப்பில் நெகட்டிவ் என்று புரோஜெஸ்டிரானை நீங்களாக நிறுத்தக் கூடாது. ரத்தப் பரிசோதனை முடிந்து மருத்துவர் சொன்ன பிறகுதான்.

ஸ்கூட்டி: ஓட்டலாம். கருப்பை வெற்றுக் குடம் அல்ல, உள்ளே எதுவும் குலுங்கிக் கீழே விழ. அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கின்றன. படியேறலாம், சமைக்கலாம், ஆபீஸ் போகலாம், குனிந்து கோலம் போடலாம். இரண்டு வாரம் படுத்தே கிடந்தால் கரு நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஐவிஎஃப் (உடம்புக்கு வெளியே கரு உருவாக்கும் சிகிச்சை) செய்து கரு வைத்தவர்களுக்கும் படுக்கை ஓய்வு பலன் தருவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. கனமான மூட்டை தூக்குவது, மூச்சு வாங்கும் உடற்பயிற்சி இரண்டையும் தள்ளிப் போடுங்கள், சினைப்பை ஊசியால் வீங்கியிருக்கும்.

சாப்பாடு: பப்பாளிக் காயில் பால் இருக்கும், அதைத் தவிர்க்கலாம். நன்றாகப் பழுத்த பழம் இரண்டு துண்டு தின்றதால் யாருக்கும் கரு கலையவில்லை. எள்ளுருண்டை, அன்னாசி என்று ஒவ்வொன்றாக நினைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். ஃபோலிக் அமிலம் விடாமல் போடுங்கள். தலைவலி, காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் போதும், வேறு வலி மாத்திரை மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

நீங்கள் செய்ததால் நிற்காமல் போகவும் இல்லை, செய்யாததால் நின்றதும் இல்லை. ஒரு ஐயூஐயில் கரு நிற்கும் வாய்ப்பு பொதுவாக 10 முதல் 20 சதவீதம்தான். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நிற்கவில்லை என்றால் அது உங்கள் ஸ்கூட்டி செய்த வேலை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

தறிநூல்

ஆண்கள் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். ஈரோடு. நானும் மனைவியும் இதே பாதையில் இருக்கிறோம்.

அந்த இரண்டு வாரம் ஆண்களுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. ஸ்கேனுக்கு வண்டி ஓட்டுகிறோம், ஐயூஐ அன்றைக்கு சாம்பிள் கொடுக்கிறோம், அதோடு நம் பங்கு முடிந்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தே நாளை ஓட்ட வேண்டியிருக்கும். "ஏதாவது தெரியுதா?" என்று தினமும் கேட்பேன். அக்கறையில்தான் கேட்டேன். அவள் ஒரு நாள் சொன்னாள், "நீங்க கேட்கும்போதெல்லாம் நான் பரீட்சை எழுதற மாதிரி இருக்குங்க." அதிலிருந்து கேட்பதில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் கடைத்தெரு வரை நடந்துவிட்டு வருகிறோம். அந்த நேரத்தில் அவள் பேச நினைத்தால் பேசுவாள், இல்லையென்றால் தறி, கூலி, ஊர்க்கதை.

உங்கள் கணவர் கண் கலங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊசியின் கோடு அது என்று அவருக்கும் வெண்தாமரை எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். அவரும் தனியாக அதைச் சுமந்துகொண்டுதான் இருப்பார்.

ஆண்கள் யாராவது இதைப் படித்தால்: விந்துப் பரிசோதனையை முதலிலேயே செய்துவிடுங்கள். குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. மூன்று நான்கு நாள் உறவு இல்லாமல் இருந்து ஒரு சாம்பிள் கொடுத்தால் முடிந்தது. அதற்குக் கூச்சப்பட்டு மனைவியை மாதாமாதம் ஸ்கேனுக்கு அனுப்புவது நியாயமே இல்லை. விந்தணு உருவாகி முதிர இரண்டரை மூன்று மாதம் ஆகும், அதனால் புகை, குடி நிறுத்துவதை இன்றைக்கே செய்தால்தான் மூன்று மாதம் கழித்துத் தெரியும்.

வைகைக்கரை

நான் இங்கே எல்லாரையும்விட வயதில் பெரியவள் என்று நினைக்கிறேன். எனக்குப் பிள்ளை பிறக்கப் பல வருஷம் ஆனது. அந்தக் காலத்தில் இந்த ஸ்ட்ரிப் எல்லாம் வீட்டுக்கு வரவில்லை. நாள் தள்ளினால் மாமியாருக்குத்தான் முதலில் தெரியும். தலைக்குக் குளித்தோமா இல்லையா என்று தெருவே கணக்கு வைத்திருக்கும். குளித்துவிட்டுக் கொல்லையில் தலை துவட்டும்போது பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து "ச்சு" என்பாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

திருக்கருகாவூர் போனோம், கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் கொடுத்த நெய்யை நானும் அவரும் 48 நாள் சாப்பிட்டோம். சஷ்டி இருந்தேன். என் சிநேகிதி வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டினாள். நம்பிக்கை உள்ளவர்கள் செய்யுங்கள், மனசைப் பிடித்து நிறுத்த ஒரு கொம்பு வேண்டும். ஆனால் நேர்த்திக்கடனை ஊசிக்குப் பதிலாக வைக்காதீர்கள். நெய்யும் சாப்பிடுங்கள், தைராய்டும் பாருங்கள். 35 வயது தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்றும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், சின்ன வயது என்றால் ஒரு வருஷம் பார்க்கலாம்.

கண்ணு, வளைகாப்புக்கு வருகிறேன். உன் அத்தை நல்ல மனசு என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவளிடம் தனியாகச் சொல்லிவிடு. எல்லாம் சொல்ல வேண்டாம். "அத்தை, வைத்தியம் நடக்குது, மனசு கொஞ்சம் பாரமா இருக்கு, சபையில உட்கார வைக்காதீங்க, நான் உள்ளே பலகாரம் பார்த்துக்கறேன்" என்று சொல். ஐந்து வகைச் சாதம் கிளறுகிற இடத்தில் யாரும் யாரையும் கேள்வி கேட்க நேரமிருக்காது. வந்த சொந்தக்காரி எவளாவது "விசேஷம் ஏதும் இல்லையா?" என்றால் அத்தையே வாயை அடைப்பாள். மாமியாரை நம் பக்கம் வைத்துக்கொள்வதைப் போல ஒரு பாதுகாப்பு கிடையாது. மாமியார் அப்படி இல்லாத வீடு என்றால் அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமலே இருக்கலாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

ஆய்வகம்_மதுரை

நான் லேப் டெக்னீஷியன். பீட்டா எச்சிஜி, அதாவது கர்ப்பமா என்று பார்க்கும் அந்த ரத்தப் பரிசோதனை பற்றிக் கேள்விகள் அடிக்கடி வருவதால் எழுதுகிறேன்.

வெறும் வயிற்றில் வர வேண்டாம். எந்த நேரமும் கொடுக்கலாம், ஆனால் காலையில் கொடுத்தால் பெரும்பாலான லேபில் அன்றே ரிப்போர்ட் வந்துவிடும். எண் 5-க்குக் கீழ் என்றால் நெகட்டிவ். 25-க்கு மேல் என்றால் பாசிட்டிவ். இரண்டுக்கும் நடுவில் வந்தால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது, இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்தே ஆக வேண்டும். பாசிட்டிவ் வந்தாலும் முதல் எண்ணை வைத்துப் பக்கத்து பெட்காரரோடு ஒப்பிடாதீர்கள். ஒருத்தருக்கு 60 இருக்கும், இன்னொருத்தருக்கு 300 இருக்கும், இரண்டு பேருக்கும் நல்லபடியாகப் பிறக்கும். ஆரம்ப வாரங்களில் அது 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய இரட்டிப்பாகிறதா என்பதைத்தான் மருத்துவர் பார்ப்பார். அதனால் இரண்டாவது முறையும் அதே லேபில் கொடுங்கள், மெஷின் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.

முடி வளரப் பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? ரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள். அதிக அளவு பயோட்டின் சில மெஷின்களில் எச்சிஜியையும் தைராய்டு பார்க்கும் டிஎஸ்எச்சையும் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ரசீது போடும்போது எந்த செல் நம்பர் கொடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். ரிப்போர்ட் அந்த நம்பருக்குத்தான் போகும். மாமனார் பழைய வாடிக்கையாளர் என்று அவர் நம்பரிலேயே பதிவு இருக்கும், பெண் பார்ப்பதற்கு முன் ரிசல்ட் குடும்ப வாட்சப் குரூப்பில் வந்துவிடும். கவுண்டரில் நின்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் நம்பரைக் கொடுங்கள்.

மல்லிப்பந்தல்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கணவரிடம் படித்துக் காட்டினேன். மிச்சமிருந்த ஸ்ட்ரிப்பை அவரிடமே கொடுத்துவிட்டேன். அத்தையிடம் பேசினேன், வைகைக்கரை அம்மா சொன்ன அதே வார்த்தையில். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. வளைகாப்பு அன்று என்னைப் புளியோதரைப் பாத்திரத்துப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, வந்தவர்களை எல்லாம் முன்கட்டோடு நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் எல்லாரும் போனபிறகு கண்ணாடி வளையல் ஒரு டஜன் கொண்டுவந்து, "இஷ்டம் இருந்தா போட்டுக்கோ" என்று மேஜை மேல் வைத்தார்கள். போட்டுக்கொண்டேன்.

நாளைக் காலை பீட்டா.

கரிசல்பூ

நாளை எத்தனை மணிக்கு, யாரோடு திறந்து பார்ப்பீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஆபீஸ் மீட்டிங் நடுவில் மெசேஜ் வந்தால் கஷ்டம்.

மல்லிப்பந்தல்

நெகட்டிவ். எண் 1-க்கும் கீழே.

மத்தியானமே மெசேஜ் வந்துவிட்டது. சாயங்காலம் அவர் வந்தபிறகுதான் திறந்தோம். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இப்போதைக்கு எதுவும் எழுத வரவில்லை.

வெண்தாமரை

இன்றைக்கு எதுவும் எழுத வேண்டாம், தங்கச்சி. அழணும் போல இருந்தால் அழுங்கள். மாத்திரை நிறுத்தியதும் சில நாளில் தீட்டு வரும், கொஞ்சம் அதிகமாகவும் வலியோடும் இருக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் வரவில்லை என்றால் ஃபோன் செய்யுங்கள். அடுத்த மாதமே மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு வருகிறேன் என்றால் எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார். போகும்போது கேளுங்கள்: குழாய் அடைப்பு பார்த்தாயிற்றா, கழுவிய பிறகு விந்தணு எண்ணிக்கை எவ்வளவு இருந்தது, இன்னும் எத்தனை ஐயூஐ வரை போகலாம், எந்தக் கட்டத்தில் ஐவிஎஃப் யோசிக்க வேண்டும்.

சோலைக்குயில்

உங்களுக்காக வருத்தப்படுகிறேன் மல்லி. எனக்கும் இந்த மாதம் வெள்ளைதான். பேச வேண்டும் என்றால் தனிச் செய்தி அனுப்புங்கள், ராத்திரி எந்நேரமும் விழித்திருப்பேன். என்னிடம் பேசக் கூச்சமாக இருந்தால் 14416-க்கு அடியுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். நான் பேசியிருக்கிறேன். மறுமுனையில் இருந்தவர் புத்திமதி சொல்லவில்லை, கேட்டுக்கொண்டார்.

நெல்மணி

மன்னிக்கவும், இந்த நேரத்தில் நடுவில் நுழைகிறேன். எனக்கு ரிசல்ட் வர இன்னும் நாலு நாள் இருக்கிறது. இன்று காலையில் உள்ளாடையில் பழுப்பாக லேசாகப் பட்டது. வலது பக்கம் அடிவயிறு வலியும் இருக்கிறது. முடிந்துவிட்டதா? மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

மல்லிப்பந்தல்

நெல்மணி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். மாத்திரையை நிறுத்தாதீர்கள். வெண்தாமரை அக்கா, இவருக்குப் பதில் சொல்லுங்கள்.

வெண்தாமரை

நெல்மணி, லேசான பழுப்பு கரு ஒட்டும்போதும் வரலாம், தீட்டு வரும்போதும் வரலாம், உள்ளே வைக்கும் மாத்திரை உரசியும் வரலாம். அதை வைத்து இரண்டு பக்கமும் முடிவு கட்ட முடியாது. மாத்திரையைத் தொடருங்கள், நாலு நாள் கழித்து ரத்தம் கொடுங்கள். ஆனால் ஒரு பக்க வலியை நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். உங்கள் மருத்துவமனைக்கு இப்போதே ஃபோன் செய்து இரண்டையும் சொல்லுங்கள். வலி அதிகமானாலோ, மயக்கம் வந்தாலோ, தோள்பட்டை வலித்தாலோ, வயிறு உப்பிச் சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஃபோன் செய்து காத்திருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன ஊசி, எந்தத் தேதி போட்டது என்ற சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கூட யார் இருக்கிறார்கள்?

நெல்மணி

அம்மா இருக்கிறார்கள். ஃபோன் செய்துவிட்டேன், வரச் சொல்கிறார்கள். கிளம்புகிறோம்.